மலையேறக் கற்றுத் தந்த மாடிப்படி



திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை நீங்கள் ரயிலில் கடந்திருக்கக்கூடும். சென்னையிலிருந்து கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையின் இருபுறமும் ஏரிகளும் வயல்களும் தெரியும்; அவற்றுக்கு நடுவே சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் நிற்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தரை தட்டையாக விரிந்து கிடக்கும். கிழக்கே பழவேற்காடு ஏரி. அதற்கப்பால் வங்கக் கடல். மாவட்டத்தின் மேற்கே திருத்தணிப் பக்கம் குன்றுகள் உண்டு. ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திர எல்லைக்குள் நாகலாபுரம் மலைகள் உண்டு. எங்கள் வட்டாரத்திலோ ஏரிக்கரையும் மேம்பாலமும்தாம் மேடு என்று சொல்லத்தக்கவை.

இத்தகைய ஊரில் வாழும் ஒருவர், மலைப்பாதையில் 50 கிலோமீட்டர் ஓடுவதற்குத் தம் உடலை ஆயத்தப்படுத்திக்கொள்ள இயலுமா? இயலும் என்பதை அருகிலிருந்து கண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஓடுகின்ற வாலிபர்களுக்கு மட்டுமின்றி, ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் நிய்யத் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதில் செய்தி உண்டு என்று நம்புகிறேன்.

ஒரு தாயின் கேள்வி

எங்கள் மதரஸாவில் சிறு வயதில் ஓதிய தம்பி ஒருவர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்கிறார். வயது இருபத்தெட்டு. தந்தை இல்லை. தாயும் தங்கையும் அவருடைய சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும்; வேலைக்கு வராத நாளுக்குக் கூலி கிடையாது. உடன் வேலை பார்ப்போரைப் பார்த்து ஓடத் தொடங்கியவர், சென்னையின் சமதரைச் சாலையில் 42 கிலோமீட்டர் மாரத்தானை ஒருமுறை ஓடி முடித்தார். பிறகு கர்நாடகத்தின் காப்பித் தோட்ட மலைகளில் நடக்கும் 50 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க விரும்பினார். மேடும் பள்ளமுமான அப்பாதையில் ஏறவேண்டிய உயரத்தை எல்லாம் கூட்டினால் 1,500 மீட்டர் வரும்.

அவருடைய தாயார் மதரஸாவுக்கு வந்து என்னிடம் முறையிட்டார்: “ஹஜ்ரத், நீங்க சொன்னாத்தான் இவன் கேப்பான். மலையில ஓடிக் கால ஒடிச்சுக்கிட்டு வந்து படுத்துட்டா எங்க வீட்டு அடுப்பு எப்படி எரியும்?”

அந்தக் கேள்வி நியாயமானது. தினக்கூலியை நம்பிய வீட்டில் மூன்று நாள் படுக்கை என்பது மூன்று நாள் வருமான இழப்பு. எனவே தம்பியை அழைத்து, “அம்மாவுடைய கேள்விக்கு விடை தேடிக்கொண்டு வாருங்கள். விடை கிடைத்தால் நானே அவரிடம் பேசுகிறேன்” என்று கூறினேன். அவர் தேடிய விடை என்னையும் தேட வைத்தது.

டர்பனிலிருந்து ஒரு பாடம்

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதற்கு மேற்பட்ட தூரம் ஓடுவதை அல்ட்ரா மாரத்தான் என்கிறார்கள். இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம். முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் நினைவாக, அப்போரில் பங்கேற்ற விக் கிளாப்ஹாம் என்பவர் 1921ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் அதைத் தொடங்கி வைத்தார். முதல் ஆண்டில் 34 பேர் ஓடத் தொடங்கி 16 பேரே முடித்தனர். கடற்கரை நகரமான டர்பனுக்கும் உள்நாட்டு மேட்டிலுள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரம். பாதையில் பெரிய மேடுகள் ஐந்து. 12 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். கறுப்பின மக்களுக்கும் பெண்களுக்கும் 1975இல்தான் அதிகாரபூர்வமாகக் கதவு திறந்தது.

டர்பன் நமக்கு அந்நியமான ஊரன்று. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு அங்கே கரை சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர்.

அந்த ஓட்டத்தில் நம் பாடத்துக்கு உரிய செய்தி ஒன்று உண்டு. காம்ரேட்ஸ் பெரும்பாலும் ஓராண்டு கடற்கரையிலிருந்து மேட்டை நோக்கியும், மறு ஆண்டு மேட்டிலிருந்து கடற்கரையை நோக்கியும் நடைபெறும். முதலாவதை ஏற்ற ஓட்டம் என்றும் இரண்டாவதை இறக்க ஓட்டம் என்றும் சொல்வார்கள். புதிதாகக் கேட்பவர் இறக்க ஓட்டம் எளிது என்றே எண்ணுவார். ஓடி அனுபவப்பட்டவர்களோ கால்களைச் சிதைப்பது இறக்கம்தான் என்கிறார்கள். மூச்சு வாங்க வைப்பது ஏற்றம். மறுநாள் நடக்க முடியாமல் செய்வது இறக்கம்.

காரணத்தை உடற்கூறு விளக்குகிறது. படியேறும்போது தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை உடலின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. அதாவது ஒவ்வோர் அடியிலும் அது தடுப்புக்கட்டையாக வேலை செய்கிறது. பாரம் தாங்கிக்கொண்டே நீளும்போது தசையின் நுண்ணிய இழைகள் சேதமடைகின்றன. அதனால் வரும் வலி உடனே தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். தாயார் அஞ்சிய படுக்கை இதுதான்.

ஆனால் படைத்தவன் நம் தசைக்குள் ஓர் அற்புதத்தையும் வைத்திருக்கிறான். ஒருமுறை அளவோடு இறக்கத்துக்குப் பழகிய தசை, சில வாரங்கள் வரை அதே வேலையால் முன்போலச் சேதமடைவதில்லை. எனவே பந்தயத்துக்கு முன்பே சிறிது சிறிதாக இறங்கிப் பழகியவருக்கு, பந்தயத்துக்குப் பிறகு படுக்கை தேவைப்படாது. தம்பிக்குக் கிடைத்த விடை இதுவே.

படிகளைக் கொண்டு ஒரு மலை

இனி இல்லாத மலையை உண்டாக்க வேண்டும். சென்னையின் ஓட்டக்காரர்கள் மேம்பாலங்களையே மலையாகக் கொள்கின்றனர். எங்கள் மேம்பாலங்களில் சரக்கு லாரிகள் ஓயாமல் செல்வதால் அது எங்களுக்கு ஒத்துவராது. எங்கள் மதரஸாக் கட்டடத்துக்கு மூன்று மாடி, 60 படிகள். ஒரு படியின் உயரம் 15 சென்டிமீட்டர். ஆக, ஒருமுறை ஏறினால் 9 மீட்டர். பத்து முறை ஏறி இறங்கினால் 90 மீட்டர். பிள்ளைகள் ஓதாத நேரத்தில் அந்தப் படியைப் பயன்படுத்திக்கொள்ள நிர்வாகத்தினரிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தேன்.

வாரத்துக்கு ஒருநாள், பத்துச் சுற்றில் தொடங்கினார். வாரம் ஐந்து சுற்று கூட்டினார். நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட்டாமல் குறைத்தார். தசை தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள அந்த ஓய்வு தேவை. நான்கு மாதத்தில் ஒரே மூச்சில் அறுபது சுற்று வந்தது. அது 540 மீட்டர் ஏற்றம்; அதைவிட முக்கியமாக 540 மீட்டர் இறக்கம். லிப்ட் உள்ள கட்டடத்தில் பயிற்சி செய்வோர் சிலர் படியேறிவிட்டு லிப்ட்டில் இறங்கி வருவதுண்டு. அவர்கள் பயிற்சியின் நல்ல பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவதாக, கோடையில் வற்றிய ஏரி. அதன் கரையின் சரிவில் முன்னும் பின்னுமாக ஏறி இறங்குவார். கரடுமுரடான மண்ணில் கால் வைக்கும்போது கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகள் உறுதிப்படும். இதைத் தார்ச்சாலை கற்றுத் தராது. மூன்றாவதாக, பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய பழைய கார் டயர் ஒன்றைக் கயிற்றால் இடுப்பில் கட்டி, ஏரியின் தரையில் இழுத்துக்கொண்டு நடப்பார். சமதரையிலேயே ஏற்றத்தின் சுமையைத் தரும் எளிய உபாயம் அது. ஆடு மேய்க்கும் சிறுவர்கள் முதலில் சிரித்தார்கள்; பிறகு டயரின் மேல் உட்கார்ந்துகொள்ள இடம் கேட்டார்கள்! வசதியுள்ளோர் உடற்பயிற்சிக் கூடத்து டிரெட்மில்லைச் சாய்த்து வைத்து நடக்கலாம். 15 சதவீதச் சாய்வில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 150 மீட்டர் ஏறிய கணக்கு. ஆனால் அந்த இயந்திரம் ஏற்றத்தை மட்டுமே தரும். இறக்கத்துக்கு மாடிப்படியிடம்தான் வரவேண்டும்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஒரே ஒருமுறை உண்மையான மலைக்குச் சென்றார். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாகனங்கள் பெருகுவதற்கு முன், பொழுது புலர்ந்ததும் ஏறி இறங்கிவிட்டு வந்தார். “ஏறும்போது நம்ம மாடிப்படிதான் ஞாபகம் வந்தது ஹஜ்ரத். இறங்கும்போது பாதியிலேயே தொடை நடுங்கிடுச்சு. ஆனா மறுநாள் வேலைக்குப் போயிட்டேன்” என்றார். அந்தக் கடைசிச் சொல்லைத்தான் நான் அவருடைய தாயாரிடம் எடுத்துச் சென்றேன்.

ஸலமா (ரலி) காட்டிய நிதானம்

மலையோட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது ஒரு ஸஹாபியின் நினைவு எனக்கு அடிக்கடி வந்தது. ஸலமா பின் அல்அக்வஃ (ரலி) அவர்கள் வேகமாக ஓடுவதில் பெயர் பெற்றவர்கள். மதீனாவின் ஒட்டகங்களைக் கொள்ளையர்கள் ஓட்டிச் சென்றபோது அவர்கள் தனியாகக் கால்நடையாகவே விரட்டிச் சென்று, மலைமீதேறிக் கல்லெறிந்து, ஒட்டகங்களை மீட்டார்கள். அச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் விரிவாக இடம்பெற்றுள்ளது. தூ கரத் என்னும் இடத்தோடு தொடர்புடைய நிகழ்ச்சி அது.

திரும்பி வரும் வழியில், ஓட்டத்தில் யாரிடமும் தோற்காத ஓர் அன்ஸாரித் தோழர், மதீனா வரை என்னோடு ஓடிவர யார் இருக்கிறார்கள் என்று அறைகூவல் விடுத்தார். ஸலமா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் அனுமதி பெற்றுக்கொண்டு ஓடத் தொடங்கினார்கள். ஓரிரு மேடுகள் வரை, தம் மூச்சு தீர்ந்துவிடாதபடி வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு பின்னால் வந்தார்கள். பிறகு விரைந்து சென்று முந்தினார்கள். மேட்டில் மூச்சைச் சேமித்துவைக்க வேண்டும் என்னும் பாடம் இன்றைய பயிற்சியாளர்களும் முதலில் சொல்லித் தருவது. பல மணி நேரம் நீளும் மலையோட்டத்தில், செங்குத்தான ஏற்றத்தைத் தேர்ந்த வீரர்களும் நடந்தே கடக்கிறார்கள். மேட்டில் நடப்பதை நம் தம்பியும் ஒரு பயிற்சியாகவே பழகினார்.

அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் நினைவாக நாம் ஸஃபா மர்வாவுக்கு இடையே தொங்கோட்டம் செய்கிறோமே, அங்கும் இதைக் காணலாம். தாகத்தால் துடித்த மகனுக்காகத் தண்ணீர் தேடி அந்தத் தாய் இரண்டு குன்றுகளுக்கிடையே ஏழுமுறை சென்றார்கள். இன்று பச்சை விளக்குகள் பொருத்தப்பட்டுள்ள பகுதி அன்று பள்ளத்தாக்கின் தாழ்வான தரை. ஆண்கள் அந்த இடத்தில்தான் விரைகிறார்கள்; குன்றை நோக்கிய மேட்டில் நடக்கிறார்கள்.

எல்லைகள்

தாயார் மூன்று நிபந்தனைகளோடு சம்மதம் தந்தார். பஜ்ர் ஜமாஅத் தவறக்கூடாது. லாரிகள் பறக்கும் தேசிய நெடுஞ்சாலையில் ஓடக்கூடாது. இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் ஓடக்கூடாது. பயிற்சி நூல்கள் சொல்வதும் ஏறக்குறைய இவற்றையே. உறக்கமின்றிச் செய்யும் பயிற்சி தசையை வளர்ப்பதில்லை, காயத்தைத்தான் வளர்க்கும்.

நான்காவதாக வெயிலை நான் சேர்த்தேன். மே மாதத்தில் எங்கள் பக்கம் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். பத்துப் பதினான்கு நாட்கள் அளவோடு வெப்பத்தில் பழகினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும்; வியர்வை முன்கூட்டியே சுரந்து உடலைக் குளிர்விக்கும். சமவெளியில் வாழ்வோருக்கு இறைவன் தந்த அனுகூலம் இது. ஆனால் உச்சி வெயிலில் ஓடுவது உயிருக்கு ஆபத்து. நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் இரத்தத்தில் உப்பைக் குறைத்துத் தீங்கு செய்யும். உப்பிட்ட மோரும் உப்பிட்ட எலுமிச்சைச் சாறும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாடிகூட வேகமாக ஏறவேண்டாம்.

“மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடமுண்டா?” என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று போதித்த மார்க்கம் நம்முடையது. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்த செய்தியை அபூதாவூதில் காணலாம். உடை முழங்காலை மறைக்கட்டும், தொழுகை தவறாதிருக்கட்டும், பெயருக்கும் பெருமைக்கும் ஓடாதிருக்கட்டும். அதற்குமேல் தடுக்க நமக்கு என்ன இருக்கிறது?

தம்பி அந்த 50 கிலோமீட்டரை 8 மணி 40 நிமிடத்தில் முடித்தார். முதல் மூன்று இடங்களில் வரவில்லை; முப்பதிலும் வரவில்லை. வழியில் தண்ணீர் கொடுக்கும் இடத்தில், காப்பிச் செடிகளின் நிழலில் துண்டை விரித்து, பயணிக்குரிய கஸ்ராக லுஹரைத் தொழுதார். அன்றிரவே பேருந்து பிடித்து ஊர் திரும்பி, மறுநாள் இரவு ஷிப்ட்டுக்குச் சென்றார். ஒருநாள் கூலியும் போகவில்லை. தாயின் கேள்விக்குப் பதக்கம் விடையாகாது. ஆலை வாசலில் நேரத்துக்கு விழுந்த வருகைப் பதிவுதான் விடை.

ஹாஜிகளுக்கு ஒரு வேண்டுகோள்

இதோடு நின்றிருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அந்தத் தாயார் தம் சகோதரருடன் உம்ராவுக்குச் செல்ல இருந்தார். மூட்டு வலி உள்ளவர். மகனைப் பார்த்து அவருக்கும் ஓர் எண்ணம் எழுந்தது. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பற்றியபடி முதல் மாடி வரை இருபது படிகள் ஏறி இறங்கத் தொடங்கினார். முதல் வாரம் ஒருமுறை. அடுத்த வாரம் இருமுறை. கூடவே மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தெருவில் நடை. ஐந்து மாதம் இப்படிச் சென்றது. மக்காவில் ஸஃயின் ஏழு சுற்றில் நான்கைத் தம் காலால் நடந்தார். மூன்றைச் சக்கர நாற்காலியில் நிறைவு செய்தார். இயலாதவருக்குச் சக்கர நாற்காலி அனுமதிக்கப்பட்ட சலுகை. அதில் குறையொன்றும் இல்லை. எனினும் அந்த நான்கு சுற்றைப் பற்றி அவர் சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் நிறைவை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஹாஜிகளில் பலர் அறுபது வயதுக்கு மேல் புறப்படுகிறார்கள். கடைத்தெருவுக்கும் இருசக்கர வாகனத்தில் சென்று பழகியவர்கள், ஸஃயு மட்டுமே சுமார் 3 கிலோமீட்டர் வரும் ஓரிடத்துக்குப் போகிறார்கள். தவாஃபும், மினாவும், அரஃபாத்தும், ஜமராத்தும் அதற்கு மேல். ஹஜ்ஜின் கடமைகளில் சேராவிட்டாலும், ஹிரா குகையைக் காணும் ஆசையில் ஜபலுந் நூர் ஏறுவோரும் உண்டு; அம்மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 640 மீட்டருக்குச் சற்று மேல். பயிற்சி முகாம்களில் துஆக்களைக் கற்றுத் தருகிறோம். இஹ்ராம் கட்டக் கற்றுத் தருகிறோம். கால்களுக்கு என்ன கற்றுத் தருகிறோம்? பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் ஹாஜிகளை பஜ்ருக்குப் பின் நடக்க அழைத்துச் செல்லலாம். பள்ளிவாசலிலோ மதரஸாவிலோ மாடிப்படி இருந்தால் அதைத் திறந்துவிடலாம். சகோதரிகளுக்கு அவரவர் வீட்டு மாடிப்படியே போதும். இறங்கும்போது அவசரப்படாமல், கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு படியிலும் முழுப் பாதத்தை ஊன்றி இறங்குங்கள். முழங்காலைக் காப்பது அந்த நிதானம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கவேண்டும் என்னும் நபிகளாரின் அறிவுரையை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்னும் நபிமொழியையும் சொல்கிறோம். இவ்விரண்டையும் ஒரு சாதாரண மாடிப்படியில் நடைமுறையாகக் கண்டேன். எங்கள் ஊரில் மலை இல்லை. ஆனால் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள படி இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? நாளைக்கு ஐந்து படி கூடுதலாக ஏறுங்கள். ஐந்தையும் நிதானமாக இறங்குங்கள். நம் கால்கள் நன்மையின் பாதையில் தளராமல் நடக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.